ஓட்டமும் உழவாரமும்



சென்ற மாத நிகழ்ச்சி முடிந்த கையோடு சார்ஜாவில் இருந்து ஒரு தாயார் தொலைபேசியில் வந்தார். டுபாயில் வேலை பார்க்கும் அவருடைய மகன், சனிக்கிழமை விடியற்காலையில் ஒரு குழுவோடு பூங்காவில் ஓடுகிறானாம். அது நல்லதுதான். ஆனால் ஓடுகிற வழியெல்லாம் குப்பையும் பொறுக்குகிறானாம். "தம்பி, படிச்ச பிள்ளை ஊரான் போட்ட குப்பையை ஏன் பொறுக்க வேணும்? இது எங்கையிருந்து வந்த பழக்கம்?" என்று கேட்டார். வானொலியில் இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. ஆகவே இந்த மாத உரையை அந்தத் தாயாருக்காகவே எழுதினேன்.

எங்கள் தலைமுறைக்கு ஓட்டம் என்ற சொல்லே வேறு பொருள் தருவது. 1983 இல் ஓடினோம். 1990 இல் ஓடினோம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு ஓடினோம். அன்று நாவற்குழிப் பாலத்தில் ஓடுவதற்கு இடமில்லை, நடந்தோம், சில மணி நேரம் நின்றுகொண்டே இருந்தோம் என்பதே சரி. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் மரதன் ஓடிய காலம் ஒன்று அதற்கு முன்னர் இருந்தது. ஆனால் வளர்ந்தவர்கள் ஒன்றுகூடி, துரத்துவார் யாருமின்றி, சும்மா ஓடுவது என்பது எங்களுக்குப் புதிது. அதோடு குப்பை பொறுக்குவதும் சேர்ந்தால் தாயார்மார் கேள்வி கேட்பது நியாயமே.

காகிதம் போட்டு ஓடியவர்கள்

குழுவாக ஓடும் பழக்கம் நம் நாடுகளின் பக்கம் பரவிய கதை மலாயாவில் தொடங்குகிறது. 1938 ஆம் ஆண்டு கோலாலம்பூரில் இருந்த சில ஆங்கிலேய உத்தியோகத்தர்கள், வார இறுதிக் கொண்டாட்டத்தின் களைப்புப் போக, திங்கட்கிழமை மாலையில் ஓடத் தொடங்கினார்கள். அவர்களைக் கூட்டியவர் ஆல்பர்ட் கிஸ்பேர்ட் என்பவர். அவர் ஒரு கணக்காளர். என் தொழில்காரர் ஒருவர் இப்படி ஒன்றைத் தொடக்கிவைத்தார் என்பதில் எனக்குச் சிறிய பெருமை உண்டு. அவர்கள் சாப்பிட்ட விடுதிச் சாலைக்கு வழங்கிய கேலிப் பெயரில் இருந்து 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' என்ற பெயர் வந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து போய் மலாயா ரயில்வேயிலும் கந்தோர்களிலும் எழுதுவினைஞர்களாக இருந்த நம் பாட்டன்மாரின் காலம் அது. அவர்கள் இந்த ஓட்டத்தைத் தூர நின்று பார்த்துச் சிரித்திருக்கக்கூடும்.

ஒருவர் முன்னால் ஓடிக் காகிதத் துண்டுகளைத் தூவிக்கொண்டு போவார். மற்றவர்கள் அந்தத் தடத்தைத் தேடிப் பின்னால் ஓடுவார்கள். இதுதான் விளையாட்டு. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்த நாட்களில் கிஸ்பேர்ட் போரில் இறந்தார். அவர் தொடக்கிய ஓட்டம் இறக்கவில்லை. யுத்தம் முடிந்த பிறகு உலகின் பல நகரங்களுக்கும் பரவி, எண்ணெய் எடுக்க வந்த ஆங்கிலேயரோடு வளைகுடாவிலும் இறங்கியது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கூட்டாக ஓடிய முதல் தலைமுறை வழியெல்லாம் காகிதம் போட்டுக்கொண்டு ஓடியது. இன்றைய தலைமுறை வழியெல்லாம் பொறுக்கிக்கொண்டு ஓடுகிறது.

பொறுக்கிக்கொண்டு ஓடுபவர்கள்

இந்த மாற்றம் ஒரே இடத்தில் நிகழவில்லை. 2004 ஒக்டோபர் 2 ஆம் திகதி லண்டன் நகரின் தென்மேற்கில் உள்ள புஷி பூங்காவில் 13 பேர் 5 கிலோமீற்றர் ஓடினார்கள். போல் சின்டன் ஹியூவிட் என்பவர் ஒழுங்கு செய்த அந்த ஓட்டமே இன்று 'பார்க்ரன்' என்ற பெயரில் பல நாடுகளில் சனிக்கிழமை தோறும் நடக்கிறது. கட்டணம் இல்லை. நேரம் குறிப்பவர், வழி காட்டுபவர், கடைசியாக வருபவருடன் கூடவே நடந்து வருபவர் எல்லோரும் தொண்டர்களே. இந்த வாரம் ஓடுபவர் அடுத்த வாரம் தொண்டராக நிற்பார். 2016 இல் பிரிஸ்டல் நகருக்கு அருகே லிட்டில் ஸ்ரோக் பூங்காவில், பாதை தேய்கிறது, பராமரிப்புச் செலவில் பங்கு தாருங்கள் என்று அவ்வூர்ச் சபை கேட்டது. இலவச ஓட்டத்துக்குக் கட்டணமா என்று பெரிய வாதம் எழுந்தது. அந்தப் பூங்காவில் ஓட்டம் நின்றுபோனது. பொதுப் பூங்காவைப் பயன்படுத்துபவன் அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற கேள்வி அன்று எல்லோர் முன்னும் வந்து நின்றது.

அதற்கு ஒரு பதில், லண்டனின் கிழக்கிலேயே சில வருடங்கள் முன்னர் தொடங்கியிருந்தது. 2008, 2009 காலத்தில் ஐவோ கோர்மலி என்பவர் 'குட்ஜிம்' என்ற அமைப்பை உருவாக்கினார். உடற்பயிற்சி நிலையத்தில் ஓடும் இயந்திரத்தின் மேல் வீணாகும் சக்தியை ஊருக்குப் பயன்படுத்தினால் என்ன என்பதே அவருடைய எண்ணம். குழுவாக ஓடிப் பூங்காவுக்கோ சமூகத் தோட்டத்துக்கோ போவார்கள். அங்கே மண் சுமப்பார்கள், களை பிடுங்குவார்கள், செடி நடுவார்கள். பிறகு ஓடியே திரும்புவார்கள். தனியாக வாழும் முதியவர் ஒருவரின் வீட்டுக்கு வாரந்தோறும் ஓடிப்போய்ச் சிறிது நேரம் கதைத்துவிட்டு வருபவர்களும் உண்டு. அந்த முதியவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'பயிற்றுநர்'. உதவி பெறுபவர் என்று அவரைச் சொல்வதில்லை.

2016 இல் சுவீடனின் தலைநகரான ஸ்டொக்ஹோமுக்குக் குடிவந்த எரிக் ஆல்ஸ்ட்ரோம், தெருக் குப்பையைப் பார்த்து மனம் பொறுக்காமல் ஓடிக்கொண்டே பொறுக்கத் தொடங்கினார். சுவீடிய மொழியில் பொறுக்குதல் என்பதற்கும் ஓடுதல் என்பதற்கும் உள்ள சொற்களை ஒட்டி 'பிளாகிங்' என்ற பெயர் பிறந்தது. ஓடும்போது குனிந்து குனிந்து எழும்புவதால் சும்மா ஓடுவதை விட இது உடம்புக்கு அதிக வேலை. தமிழ்நாட்டில் இது எல்லோருக்கும் தெரியவந்தது 2019 ஒக்டோபர் 12 ஆம் திகதி. சீன அதிபருடனான சந்திப்புக்காக மாமல்லபுரம் வந்திருந்த இந்தியப் பிரதமர் மோடி, அன்று காலை கடற்கரையில் அரை மணி நேரம் நடந்து பிளாஸ்டிக் பொறுக்கிய காட்சி உலகெங்கும் ஓடியது. அதற்குப் பத்து நாள் முன்னர், காந்தி பிறந்த நாளன்று, இந்தியா முழுவதும் இத்தகைய ஓட்டம் அரசாலேயே நடத்தப்பட்டது.

எங்கள் பக்கத்துக் கணக்கு

அப்படியானால் இது வெள்ளைக்காரரின் பழக்கமா? தாயாருடைய கேள்வியின் அடியில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஐந்தொகையில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடக்கூடாது.

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசரின் சிலையை எந்தச் சிவன் கோயிலிலும் பாருங்கள். கையில் உழவாரம் இருக்கும். புல் செதுக்கும் கருவி அது. கோயில் கோயிலாக நடந்து, பிரகாரத்தில் முளைத்த புல்லையும் முள்ளையும் அவர் செதுக்கினார். திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தன என்றும், அவற்றையும் பரல் கற்களோடு சேர்த்து உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்தார் என்றும் பெரியபுராணம் சொல்லுகிறது. அவருக்குக் குப்பை என்றால் குப்பைதான். நடையும் துப்புரவும் ஒரே ஆளின் ஒரே தொண்டாக நம்மிடம் இருந்தவை.

அடுத்தது சிரமதானம். இந்தச் சொல்லை எங்கள் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்குத் தேவையில்லை. மண்வெட்டியும் கடகமும் கொண்டு பாடசாலை வளவையோ கிணற்றடியையோ துப்புரவாக்காத ஆள் எங்கள் வயதில் இருக்கமாட்டார். 1958 இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ.ரி. ஆரியரத்ன தம் மாணவர்களைக் குருநாகல் பக்கம் கனத்தொலுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிச் சென்றதில் இருந்து சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. அந்தக் கிராமத்தைத் தெரிந்தெடுத்ததில்தான் விசயம் இருக்கிறது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ரொடி மக்களின் கிராமம் அது. நகரத்துப் பிள்ளைகள் அங்கே தங்கி, அவர்களோடு சேர்ந்து மண் வெட்டினார்கள். கையை அழுக்காக்குவது யாருடைய வேலை என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அங்கே போனார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். "படிச்ச பிள்ளை குப்பை பொறுக்கலாமோ" என்ற கேள்வியில் ஊரில் இருந்து கொண்டுவந்த சாதியின் மணம் கொஞ்சம் இருக்கிறது. துடைப்பத்தை இந்த இந்த வீட்டார்தான் தொட வேண்டும் என்று வைத்திருந்த சமூகம் எங்களுடையது. அகதி முகாமில் கழிப்பறையைக் கழுவும் முறை வந்தபோது யார் யார் ஒதுங்கிக்கொண்டார்கள் என்பது இதை வாசிப்பவர்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். வீடு போனது, காணி போனது, உறுதிப் பத்திரம் போனது. அந்தப் பெருமையை மட்டும் பத்திரமாகச் சுமந்துகொண்டு வந்தோம். பிள்ளை அதைப் பூங்காவில் இறக்கி வைக்கிறான் என்றால் தடுக்கவேண்டாம் அம்மா.

மணலில் வளர்த்த பசுமை

இனி இந்த நாட்டுக்கு வருவோம். வளைகுடாவில் பூங்கா தானாக முளைத்தது அல்ல. டுபாயின் சஃபா பூங்கா 1975 இல் திறக்கப்பட்டது. ஸபீல் பூங்கா 2005 இல் வந்தது. இங்குள்ள புல்லுக்கும் மரத்துக்கும் பெரும்பாலும் சுத்திகரித்த கழிவுநீரே பாய்கிறது. குழாய் ஒரு கிழமை நின்றால் புல் கருகும். ஆகவே இங்கே ஒரு பூங்கா என்பது ஒவ்வொரு நாளும் யாரோ வேலை செய்வதால் மட்டும் உயிரோடு இருக்கும் பொருள்.

அந்தப் பூங்காக்களில் ஓட்டக் கழகங்கள் கூடின. டுபாய் ரோட் ரன்னர்ஸ் நெடுங்காலம் சஃபா பூங்காவில் ஓடியது. டுபாய் கிரீக் ஸ்ரைடர்ஸ் 1995 இல் தொடங்கியது. வார விடுமுறை மாற மாற ஓடும் நாளும் மாறியது. 2006 செப்டெம்பரில் அரச விடுமுறை வியாழன், வெள்ளியில் இருந்து வெள்ளி, சனிக்கு வந்தது. 2022 ஜனவரியில் வெள்ளி அரை நாளும் சனி, ஞாயிறும் என்று ஆனது. அந்தத் தாயாரின் மகன் சனிக்கிழமை ஓடுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பூங்காவும் மாறியது. சஃபா பூங்காவின் ஒரு பகுதி 2016 நவம்பரில் திறக்கப்பட்ட டுபாய் நீர்க் கால்வாய்க்குப் போனது. பழைய பாதையில் ஓடியவர்கள் மனம் நொந்தார்கள். இன்று கால்வாயின் இரு கரையிலும் மக்கள் ஓடுகிறார்கள்.

2017 இல் முடிக்குரிய இளவரசர் ஷேக் ஹம்தான் 'டுபாய் ஃபிற்னஸ் சலெஞ்' என்பதை அறிவித்தார். 30 நாள், நாளுக்கு 30 நிமிடம் என்பதே கணக்கு. அதன் ஓர் அங்கமாக 2019 இல் ஷேக் ஸாயித் வீதியை மூடி நடந்த ஓட்டத்தில் ஏறத்தாழ 70,000 பேர் ஓடினார்கள். கட்டார் நாடு இன்னும் முன்னதாக, 2012 முதல், பெப்ரவரி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையை விளையாட்டு தினமாக்கிப் பொது விடுமுறையும் கொடுத்தது.

துப்புரவுப் பக்கத்துக்கும் வேர் உண்டு. அவுஸ்திரேலியரான இயன் கீர்னன் தனியாகப் பாய்க்கப்பலில் உலகைச் சுற்றியபோது நடுக்கடலில் குப்பை மிதக்கக் கண்டார். 1989 ஜனவரியில் சிட்னித் துறைமுகத்தைச் சுத்தம் செய்ய அவர் அழைத்தபோது 40,000 பேர் வந்தார்கள். 1993 இல் அது உலக இயக்கமானது. டுபாயில் 1991 இல் தொடங்கப்பட்ட எமிரேட்ஸ் சுற்றாடல் குழு, ஹபீபா அல் மராஷி அம்மையாரின் தலைமையில், 2002 முதல் நாடு முழுவதும் வருடந்தோறும் துப்புரவு இயக்கம் நடத்துகிறது. பாடசாலைப் பிள்ளைகளும் கம்பனி ஊழியர்களும் அதில் சேர்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. லண்டனில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு பெயர் வைத்துத் தொண்டு தொடங்கலாம். அமீரகத்தில் அப்படி அல்ல. தொண்டுப் பணிக்கு 2018 இல் 13 ஆம் இலக்கக் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. பதிவு செய்து, அனுமதி பெற்ற அமைப்பின் கீழ்தான் தொண்டு செய்ய வேண்டும். பணம் சேர்ப்பதற்கு இன்னும் கடுமையான சட்டம் உண்டு. ஓட்டத்துக்கு ரீ-சேட் அடிக்க என்று வாட்ஸ்அப்பில் காசு சேர்க்காதீர்கள். மாநகர சபை நடத்தும் நிகழ்விலோ அனுமதி உள்ள அமைப்பிலோ சேருங்கள். வளைகுடாவின் ஆறு நாடுகளும் 1951 ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் சேராதவை. இங்கே நாங்கள் எல்லோரும் விசாவில் நிற்பவர்கள். நல்லது செய்யப்போய்க் கந்தோர் வாசலில் நிற்கக் கூடாது.

வேலையாள் சொன்ன வார்த்தை

இன்னொரு விசயத்தையும் மறைக்காமல் சொல்லுகிறேன். சில வருடங்கள் முன்னர் நானும் ஒரு குழுவோடு இப்படிப் பொறுக்கப் போனேன். ஓட்டம் எனக்கு வராது, வேகமாக நடப்பேன். கையுறை போட்டு, ஒரு பை நிறையப் போத்தலும் சிகரெட் துண்டும் சேர்த்துப் பெருமையோடு நிமிர்ந்தபோது, பூங்காவின் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்.

"அண்ணே, நீங்க பூராத்தையும் பொறுக்கிட்டா சூப்பர்வைசர் என்னையக் கேப்பாரு, காலையில இருந்து நீ என்ன செஞ்சேன்னு," என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. நாங்கள் ஒரு மணி நேரம் பொழுதுபோக்காகச் செய்வதை அவர் நாள் முழுவதும் கூலிக்குச் செய்கிறார். எங்களுக்குக் கைதட்டும் படமும் கிடைக்கின்றன. அவருக்குக் கிடைப்பது மாதச் சம்பளம், அதிலும் பெரும்பகுதி ஊருக்குப் போகிறது. யூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை மதியம் 12.30 இல் இருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த நேரத்துக்கு வெளியே உள்ள வெயிலும் வெயில்தான்.

அன்று அவரையே கேட்டோம், எங்கே உதவி தேவை என்று. சிரித்துவிட்டு, வேலி ஓரத்துப் புதர்களைக் காட்டினார். காற்று அடித்துக்கொண்டு வரும் பைகள் அந்த முட்களில் சிக்கிக் கிடந்தன. குனிந்து உள்ளே புகுந்து எடுக்க அவருக்கு நேரமும் இல்லை, கூட ஆளும் இல்லை. அதன் பிறகு எங்கள் குழு திறந்த புல்வெளியை விட்டுவிட்டுப் புதர்ப் பக்கமே போனது. போகும்போது ஒரு பெரிய பிளாஸ்கில் தேநீரும் கொண்டுபோனோம். பை நிறைந்ததும் அவரும் எங்களோடு இருந்து குடித்தார். பூங்காவைப் பற்றி எங்களில் எவருக்கும் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது: எந்தக் குழாய் ஒழுகும், எந்த மரத்தில் கிளிகள் அடையும், வெள்ளி இரவு எந்த மூலையில் அதிகக் குப்பை சேரும் என்று. குட்ஜிம்காரர் முதியவரைப் பயிற்றுநர் என்று அழைப்பதன் பொருள் அன்று எனக்கு விளங்கியது.

2024 ஏப்ரல் 16 ஆம் திகதியை அமீரகத்தில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். 1949 இல் பதிவுகள் தொடங்கிய பின் காணாத மழை. அல் ஐன் பகுதியின் ஹத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீற்றர் பதிவானது. அதற்குப் பின்வந்த நாட்களில், தண்ணீர் சூழ்ந்த மாடிக் கட்டடங்களுக்குச் சாப்பாடும் குடிநீரும் மருந்தும் சுமந்து சென்றவர்களில் எல்லா நாட்டவரும் இருந்தார்கள். வீதிகள் வற்றிய பின், சேற்றையும் குப்பையையும் அள்ளியவர்கள் வழக்கமான அந்தத் தொழிலாளர்கள். சிரமதானத்தை இலங்கைக்குக் கற்பித்த ஆரியரத்ன 92 ஆவது வயதில் கொழும்பில் காலமானதும் அதே ஏப்ரல் 16 ஆம் திகதிதான். எங்கள் வீட்டு நாட்காட்டியில் அந்த நாளை இரண்டு காரணத்துக்காகக் குறித்து வைத்திருக்கிறேன்.

தொலைபேசியில் பேசிய அம்மாவுக்கு என் பதில் இதுதான். உங்கள் மகனின் பழக்கத்தில் ஸ்டொக்ஹோமும் இருக்கிறது, கனத்தொலுவவும் இருக்கிறது, திருப்புகலூரும் இருக்கிறது. குடியுரிமை தராத நாட்டில் ஒரு துண்டு நிலத்தை அவன் தன்னுடையது போலப் பார்க்கப் பழகுகிறான். ஓடி ஓடி வந்த குடும்பத்துப் பிள்ளை, ஓடிய இடத்தில் குனிந்து ஒன்றை எடுக்கிறான். வரும் சனிக்கிழமை நீங்களும் கூடப் போய்ப் பாருங்கள். ஓட வேண்டாம், நடந்தால் போதும். போகும்போது ஒரு பிளாஸ்கில் தேநீர் கொண்டுபோங்கள். அங்கே வேலை செய்பவரின் பெயரை முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.